களை முளைத்த இடமெல்லாம் மேடு: 60 சென்ட் கழனியில் தண்ணீர் கட்டிய கணக்கு

மீஞ்சூர் தாண்டி இருக்கிற எங்கள் மாமனார் வீட்டுக் கழனி மொத்தம் 60 சென்ட். போன வருஷ நவரையில் (மார்கழி, தை வாக்கில் தொடங்கும் நெல் பட்டம்) அதற்குக் களையெடுக்க மட்டும் இரண்டு முறையும் சேர்த்து 14 ஆள் கூலி ஆனது, ஆளுக்கு 350 வீதம் 4,900 ரூபாய். இந்த நவரையில் 4 ஆளோடு முடிந்தது, 1,400. களை மருந்து பாதிக் கழனிக்குத்தான் போட்டோம், மோட்டார் ஓடிய நேரமும் நன்றாகவே குறைந்தது. அறுப்பு முடிந்து நெல்லும் வீட்டுக்கு வந்துவிட்டது. என்ன செய்தோம், எது சரிப்பட்டது, எது படவில்லை என்று பக்கத்துக் கழனிக்காரர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள், வாயால் சொல்லச் சொல்ல அளவுகள் மாறிப்போகின்றன, அதனால் வரிசையாக எழுதி வைக்கிறேன்.

நான் இருப்பது திருவொற்றியூரில். பைப் ஃபிட்டிங் வேலை, மணலி, எண்ணூர் என்று சைட் எங்கே கிடைக்கிறதோ அங்கே. லீவு கிடைத்தால் கும்மிடிப்பூண்டி லோக்கல் பிடித்து மீஞ்சூரில் இறங்கிக் கழனிக்குப் போய்விடுவேன். அன்றாடம் பார்த்துக்கொள்வது என் மச்சான். பயிர் அவனுக்குத்தான் தெரியும். எனக்குத் தெரிந்தது தண்ணீர் எங்கே நிற்கும், எங்கே ஓடும், எங்கே ஒழுகும் என்பது.

போன வருஷக் கதையை முதலில் சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் இந்த வருஷம் செய்தது புரியாது. நட்ட மூன்றாம் நாள் பிரிடிலாகுளோர் என்ற களை மருந்தை வாங்கி மணலில் கலந்து வீசினோம். அந்த மருந்து வேலை செய்ய வீசும்போது ஓரங்குலம் தண்ணீர் நிற்க வேண்டும், அதற்கப்புறம் இரண்டு மூன்று நாளாவது வடியாமல் இருக்க வேண்டும். அப்போதுதான் மருந்து மண் மேல் படலமாகப் படிந்து, முளைத்து வருகிற களையை அங்கேயே அடக்கும். எங்கள் கழனியில் மறுநாள் காலையில் தண்ணீரே இல்லை. வரப்பு முழுக்க நண்டு வளை. மூன்றாவது வாரத்தில் குதிரைவாலிப் புல் திட்டுத் திட்டாகக் கிளம்பிவிட்டது.

அந்தத் திட்டுகளை மச்சான் வரப்பு மேல் நின்று போனில் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பியிருந்தான். பிறகு ஒரு நாள் மடை திறந்து தண்ணீர் பாய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, கடைசியாக நனைகிற இடங்கள் எல்லாம் எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கிறதே என்று போட்டோவை எடுத்து வைத்துப் பார்த்தேன். அதே திட்டுகள். கடைசியில் நனைந்து முதலில் காய்கிற மேட்டில்தான் புல் வந்திருக்கிறது. இந்தப் புல்லின் விதை தண்ணீருக்கு அடியில் முளைக்கத் திணறும், காற்றுப் பட்ட ஈர மண் கிடைத்தால் போட்டி போட்டுக்கொண்டு வரும். சரி, அப்படியென்றால் களைக்குச் செலவழிக்கிற காசை முதலில் வரப்புக்கும் மட்டத்துக்கும் செலவழிப்போம் என்று முடிவு செய்தோம்.

வரப்பில் ஆரம்பித்தோம். நண்டு வளை இருக்கிற இடத்தில் வரப்பின் உள்பக்கம் தண்ணீர் மட்டத்தை ஒட்டிச் சின்னச் சின்ன மண் உருண்டைகள் கிடக்கும். அங்கே விரலை விட்டால் தண்ணீர் உள்ளே இழுபடுவது விரலிலேயே தெரியும். வாயில் மட்டும் சேற்றை அடைத்தால் ஒரு ராத்திரிகூடத் தாங்காது, நண்டு பக்கத்திலேயே வேறு வாய் திறந்துவிடும். வளை போகிற வழியே வரப்பைக் குறுக்காக வெட்டித் திறந்து, நண்டைப் பிடித்துவிட்டு, கெட்டிச் சேற்றை மிதித்து மிதித்து நிரப்ப வேண்டியிருக்கிறது. அப்புறம் அண்டை வெட்டினோம், அதாவது வரப்பின் உள்பக்கத்தைப் புல்லோடு ஒரு சாண் சீவி எடுத்துவிட்டுச் சேறு பூசுவது. ஒரு பூச்சு காய்ந்து வெடித்ததும் மேலே இன்னொரு பூச்சு. இரண்டாவது பூச்சை நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள், ஆனால் முதல் பூச்சின் வெடிப்பில்தான் தண்ணீர் போகிறது.

பைப் லைனுக்குப் பிரஷர் டெஸ்ட் எடுப்பது போல இதற்கும் ஒரு டெஸ்ட் வைத்தோம். சாயங்காலம் கழனியில் தண்ணீர் கட்டி, சென்டிமீட்டர் கோடு போட்ட குச்சி ஒன்றை நட்டு, காலையில் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பார்ப்பது. வரப்பைத் தொடுவதற்கு முன்னால் ஒரு ராத்திரியில் 4 சென்டிமீட்டர் போனது. வேலை முடிந்ததும் 1 சென்டிமீட்டருக்கும் குறைவு. கேட்பதற்குச் சின்ன எண்ணாகத் தெரியும். 60 சென்ட் என்பது ஏறக்குறைய 2,428 சதுர மீட்டர், அதில் ஒரு சென்டிமீட்டர் தண்ணீர் என்றால் 24,000 லிட்டருக்கு மேல். எங்கள் மோட்டார் 200 லிட்டர் டிரம்மை 25 வினாடியில் நிரப்புகிறது, வினாடிக்கு 8 லிட்டர். அப்படியானால் ராத்திரி ஒழுகிய 4 சென்டிமீட்டரை மறுபடி நிரப்ப மூன்றே கால் மணி நேரத்துக்கு மேல் மோட்டார் ஓட வேண்டும். பம்புசெட்டுக்குக் கரண்ட் இலவசம் என்பதால் யாரும் இந்தக் கணக்கைப் போடுவதில்லை.

அடுத்தது மட்டம். கட்டட வேலையில் மட்டம் பார்க்கப் பிடிக்கிற டியூப் லெவலைத்தான் கழனிக்கும் கொண்டுபோனேன், டியூபின் இரண்டு முனையிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும். தண்டையார்பேட்டைக் கடையில் 20 மீட்டர் டியூப், மீட்டர் 20 ரூபாய், மொத்தம் 400. உள்ளே தண்ணீர் நிரப்பி, வெயிலில் தெரிவதற்காக இரண்டு சொட்டு நீலம் விட்டேன். குமிழி ஒன்றுகூட இருக்கக் கூடாது, இருந்தால் அளவு பொய்யாகிவிடும். இரண்டு முனையையும் அளவு டேப் ஒட்டிய இரண்டு கழிகளில் கட்டி, ஒன்றை நட்டு வைத்து, மற்றதை 10 மீட்டருக்கு ஓரிடமாக நகர்த்தி நகர்த்தி மச்சான் எண்களைச் சொல்லச் சொல்ல நோட்டில் எழுதினேன். கழி சேற்றில் இறங்காமல் இருக்க அடியில் ஒரு டைல்ஸ் துண்டு வைத்துக்கொள்வது நல்லது.

மேட்டுக்கும் பள்ளத்துக்கும் 11 சென்டிமீட்டர் வித்தியாசம் வந்தது. மேடு மடை வாய்ப் பக்கம், வருஷா வருஷம் வருகிற வண்டல் அங்கேதான் தங்குகிறது. மேட்டில் 2 சென்டிமீட்டர் நிற்க வேண்டுமானால் பள்ளத்தில் 13 நிற்கும், அங்கே இளம் நாற்று மூழ்கிவிடும். பள்ளத்துக்கு 4 போதும் என்று விட்டால் மேடு வெளியே தெரியும், புல் வரும். இத்தனை வருஷமும் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் மாட்டிக்கொண்டிருந்திருக்கிறோம்.

11 சென்டிமீட்டரை ஒரே மட்டமாக்கும் அளவுக்கு மண் நகர்த்தினால் மேல்மண் போய்விடும் என்று மச்சான் பயந்தான், அது நியாயம்தான். அதனால் நடுவில் ஒரு வரப்பு போட்டு 30 சென்ட், 30 சென்ட்டாக மேல் துண்டு, கீழ்த் துண்டு என்று பிரித்தோம். ஒவ்வொன்றுக்குள்ளும் வித்தியாசம் 5, 6 சென்டிமீட்டர்தான் மிஞ்சியது. அதைத் தொளி அடிக்கும்போதே, அதாவது தண்ணீர் விட்டுச் சேறாக உழும்போதே, சரி செய்யலாம். தண்ணீரைக் கொஞ்சமாக, 2 சென்டிமீட்டர் மட்டும் நிறுத்தினால் மேடுகள் தீவு மாதிரி தாமாகவே தலை காட்டும். டிராக்டர்காரர் கேஜ் வீலோடு (சேற்றில் ஓட மாட்டுகிற இரும்புச் சக்கரம்) மட்டம் இழுக்கிற பரம்புப் பலகையைக் கட்டி அந்தத் தீவுகளை மட்டும் இழுத்துப் பள்ளத்தில் தள்ளினார். கூடுதலாக ஒரு மணி நேரம், 1,200 ரூபாய். தண்ணீர் அதிகமாக நின்றால் மேடு எது என்றே தெரியாது, பலகை சும்மா மிதந்துகொண்டு போகும்.

நடு வரப்பில் மடைக்குப் பதிலாக என் வேலையைக் காட்டினேன். 110 எம்.எம். பைப் துண்டு ஒன்றை வரப்புக்குள் படுக்க வைத்து, மேல் துண்டுப் பக்கம் ரப்பர் ரிங் எல்போ ஒன்றைச் சொல்யூஷன் ஒட்டாமல் மாட்டினேன், அதில் ஒரு சாண் பைப். எல்போவை நிமிர்த்தி வைத்தால் தண்ணீர் நிற்கும், சாய்க்கச் சாய்க்க வழியும் உயரம் குறையும், முழுக்கப் படுக்க வைத்தால் வடிந்துவிடும். 3 சென்டிமீட்டருக்கு எவ்வளவு சாய்வு, 5-க்கு எவ்வளவு என்று பெயின்ட்டில் கோடு போட்டுவிட்டேன். கீழ்த் துண்டின் கடைசியில் வடிகால் பக்கமும் இதே போல ஒன்று. எல்போ, ரிங் எல்லாம் சேர்த்து 500 ரூபாய். ராத்திரியில் மழை பெய்தாலும் அதிகத் தண்ணீர் தானே போய்விடும், யாரும் மண்வெட்டியோடு ஓட வேண்டியதில்லை. பைப்பைச் சுற்றி மண்ணை நன்றாக மிதித்து இறுக்க வேண்டும், மேலோட்டமாக மூடிய இடத்தில் ஒரு தடவை பைப்பை ஒட்டியே தண்ணீர் அரித்துக்கொண்டு போனது. பைப்பின் நடுவில் பழைய ரப்பர் ஷீட்டைத் தட்டு மாதிரி வெட்டிக் கோர்த்த பிறகு அது நின்றது.

முதல் தொளிக்கும் கடைசித் தொளிக்கும் நடுவில் பத்து நாள் விட்டோம். இந்தப் பத்து நாளும் தண்ணீர் கட்டக் கூடாது, மண் ஈரமாக மட்டும் இருக்க வேண்டும். இருக்கிற களை விதையெல்லாம் முளைத்துக் கழனி பச்சையாகிவிடும், பார்க்கவே பயமாக இருக்கும், கடைசித் தொளியில் அத்தனையும் சேற்றுக்குள் போய்விடும். மச்சானுக்கு இதில் மனசே இல்லை. "மாமா, நாமளே களைய வளத்து உட்ற மாதிரி கீது" என்றான். ஆனால் இந்த ஒன்றில் மட்டும் நான் விடவில்லை, இதற்குச் செலவு எதுவும் கிடையாது.

நெல் ஆடுதுறை 37, இங்கே குண்டு நெல் என்பார்கள், 105 நாள். வரிசை நடவுதான் வேண்டும் என்று கேட்டதற்கு நடவுக்காரர்கள் 600 ரூபாய் அதிகம் கேட்டார்கள், கொடுத்தோம். நைலான் கயிறு பிடித்து வரிசைக்கு வரிசை 25 சென்டிமீட்டர். வரிசை இல்லையென்றால் கோனோவீடர், அதாவது களையைச் சேற்றில் புதைக்கிற உருளை வைத்த கைக்கருவி, தள்ளவே முடியாது. வீட்டில் கிடந்த பழைய கோனோவீடரின் உருளைகள் சுற்றாமல் இழுபட்டன, உள்ளே புஷ் தேய்ந்து மண் ஏறியிருந்தது. திருவொற்றியூரில் ஒரு லேத்தில் நைலான் புஷ் கடைந்து போட்டேன், 350 ரூபாய், இப்போது ஒற்றைக் கையால் தள்ளினாலும் சுற்றுகிறது.

நட்ட மூன்று வாரம் வரைக்கும் ஒரே விதிதான், எந்த இடத்திலும் மண் வெளியே தெரியக் கூடாது. முதலில் 2 சென்டிமீட்டர், நாற்று தேற தேற 5 வரைக்கும். மேல் துண்டுக்கு மட்டும் மூன்றாம் நாள் பிரிடிலாகுளோர், 50 ஈசி (50 சதவீத வீரியம்) மருந்து 180 மில்லி, 6 கிலோ மணலில் கலந்து. இந்த முறை தண்ணீர் நின்றது, மருந்தும் வேலை செய்தது. கீழ்த் துண்டில் மருந்தே இல்லாமல் தண்ணீரையும் கோனோவீடரையும் மட்டும் நம்பினோம். நட்டுப் பன்னிரண்டு நாள் வாக்கில் ஒரு ஓட்டு, அதற்குப் பத்து நாள் கழித்து இன்னொன்று. கோனோவீடருக்கு 2, 3 சென்டிமீட்டர் தண்ணீர்தான் சரியான அளவு. குறைந்தால் சேறு உருளையில் அப்பிக்கொள்ளும், அதிகமானால் களை புதையாமல் மிதந்து மறுபடி வேர் பிடிக்கும். எல்போவைக் கோட்டுக்குத் திருப்பி வைத்துவிட்டு மறுநாள் தள்ளினோம்.

வரிசைக்கு நடுவில் வந்ததெல்லாம் இதில் போய்விட்டது. குத்துக்குக் குத்து நடுவில் நெல்லோடு ஒட்டி வந்த குதிரைவாலிப் புல்தான் மிச்சம், அதைக் கையால்தான் எடுக்க வேண்டும், இளசில் இரண்டும் ஒரே மாதிரி இருக்கும். களையெடுக்க வரும் ஆயா ஒருத்தர்தான் எனக்குக் காட்டிக் கொடுத்தார். இலையைத் தாளிலிருந்து மெதுவாகப் பின்னுக்கு வளைத்து, "மாப்ள, கழுத்துல நாக்கு கீதா பாருங்க" என்றார். நெல்லுக்கு இலையும் உறையும் சேர்கிற அந்த இடத்தில் வெள்ளையாக, கண்ணாடி மாதிரி மெல்லிய ஒரு சவ்வு நீட்டிக்கொண்டிருக்கிறது, பக்கத்தில் பொடி ரோமம். புல்லுக்கு அந்த இடம் மொழுமொழுவென்று வெறுமையாக இருக்கிறது. ஒரு தடவை பார்த்துவிட்டால் போதும், பிறகு கை தானாகவே அங்கே போகிறது. கூலிக்கு வந்த 4 பேரில் 3 பேர் வேலை கீழ்த் துண்டில், மேல் துண்டுக்கு ஒருத்தர் போதும் என்று ஆகிவிட்டது.

மூன்று வாரம் கழித்துக் காய்ச்சலும் பாய்ச்சலும், அதாவது கொஞ்சம் காய விட்டு மறுபடி தண்ணீர் விடுவது. இதற்கு இர்ரி, பிலிப்பைன்ஸில் இருக்கிற சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம், பரப்பிய பைப் முறைதான். 30 சென்டிமீட்டர் பைப், கீழ்ப் பாதியில் சுற்றிலும் துளை, 15 சென்டிமீட்டர் மண்ணுக்குள், 15 வெளியே. உள்ளே இருக்கிற மண்ணை எடுத்துவிட்டால் மண்ணுக்கடியில் தண்ணீர் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று கண்ணால் பார்க்கலாம். 15 சென்டிமீட்டர் இறங்கியதும் மறுபடி 5 சென்டிமீட்டர் நிற்கிற மாதிரி தண்ணீர் விடுவது. பூக்கிற சமயத்தில், முன்னே ஒரு வாரம் பின்னே ஒரு வாரம், காய விடக் கூடாது.

சைட்டில் மிஞ்சிய 110 எம்.எம். பிட்டில் வெட்டினேன், காசு இல்லை. 5 எம்.எம். துளை, 2 சென்டிமீட்டருக்கு ஒன்று. துளை போட்டதும் உள்பக்கப் பிசிறைச் சீவிவிட வேண்டும். 110-க்குள் என் கை முஷ்டி போகவில்லை, மண்ணை டம்ளரால் தோண்டித் தோண்டி எடுக்க வேண்டியிருந்தது. 160 எம்.எம். தான் சரி. முதல் வாரத்திலேயே சேறு துளை வழியாக வந்து அடைத்துக்கொண்டது, வெளியே தண்ணீர் நிற்கும்போது உள்ளே குறைவாகக் காட்டியது. பிடுங்கி, கழுவி, கொசுவலைத் துணியை ஒரு சுற்றுச் சுற்றிக் கட்டி நட்டேன், அப்புறம் உள்ளேயும் வெளியேயும் ஒரே மட்டம். நடுகிற இடம் முக்கியம், மேடும் இல்லாமல் பள்ளமும் இல்லாமல் டியூப் லெவல் நோட்டில் சராசரி வந்த இடமாகப் பார்த்து, வரப்பிலிருந்து எட்டிப் பார்க்கிற தூரத்தில்.

மச்சானுக்குத் தண்ணீர் வற்றுவதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. "மாமா, இப்டியே காயவுட்டா மகசூல் பூடும்" என்பதே பேச்சு. பைப்புக்குள் குச்சியை விட்டு ஈரத்தைக் காட்டிய பிறகுதான் சமாதானமானான், மேலே மண் இறுகியிருந்தாலும் ஒரு விரல் நீளத்துக்குக் கீழே தண்ணீர் இருக்கிறது, வேர் அங்கேதான் இருக்கிறது.

ஆனால் எங்கள் பக்கத்துக்கு 15 சென்டிமீட்டர் ஒத்துவரவில்லை. காரணம் உப்பு. பல வருஷமாக நகரத்துக்கும் ஆலைக்கும் பாசனத்துக்கும் இறைத்து இறைத்து மீஞ்சூர் வட்டாரத்தில் நிலத்தடியில் கடல் தண்ணீர் ஏறிவிட்டது. பக்கத்திலேயே காட்டுப்பள்ளியில் 2010-ல் நகரத்துக்காகக் கடல் தண்ணீரைக் குடிநீராக்கும் ஆலை தொடங்கினார்கள், நாளைக்கு 10 கோடி லிட்டர் திறன். கழனிக்கு அப்படி ஒன்றும் வராது, ஏரித் தண்ணீர் இருக்கிற வரைக்கும் ஏரி, அப்புறம் போர்வெல். தண்ணீரில் கரைந்த உப்பைக் காட்டுகிற 400 ரூபாய் டிடிஎஸ் பேனா ஒன்று வாங்கி (எண் கூடினால் உப்பு கூடுதல்) அளந்ததில் ஏரித் தண்ணீர் 380 காட்டியது, போர்த் தண்ணீர் 1,450. போருக்கு மாறிய பிறகு 15 சென்டிமீட்டர் வரை இறங்க விட்டபோது பைப்புக்குள் 2,300. தண்ணீர் ஆவியாகப் போகிறது, உப்பு தங்குகிறது. அதே வாரத்தில் மேடான இடங்களில் இலை நுனி வெளுத்துக் காய ஆரம்பித்தது. உடனே கீழ் எல்போவைப் படுக்க வைத்து நின்ற தண்ணீரை ஒரு தடவை வடித்துவிட்டு, புதுசாகக் கட்டினோம். அதிலிருந்து 10 சென்டிமீட்டர் இறங்கியதுமே தண்ணீர். அதற்குமேல் பேனா 1,900-ஐத் தாண்டவில்லை, புதிதாக வந்த இலைகள் நன்றாக இருந்தன.

களிமண் என்பதால் இன்னொன்றும் கவனித்தோம். 10 சென்டிமீட்டரில் மயிரிழை வெடிப்புத்தான் விழும். அதைத் தாண்டிக் காய விட்டால் வெடிப்பு விரல் அகலத்துக்குத் திறந்து, அடுத்து விடுகிற தண்ணீர் அதன் வழியாக நேராகக் கீழே போய்விடுகிறது, மிச்சம் பிடித்ததெல்லாம் அதில் போகும். காய விட ஆரம்பித்த பிறகு மேட்டில் கொஞ்சம் கோரை வந்தது, ஆனால் அதற்குள் பயிர் மூடிக்கொண்டதால் தலையெடுக்கவில்லை, போகிற வருகிறபோது பிடுங்கினோம்.

மகசூல் 75 கிலோ மூட்டையில் 16. போன வருஷம் 15. பெரிய ஏற்றம் இல்லை, குறையவில்லை என்பதே மச்சானுக்கு நிம்மதி. செலவில் அண்டை வெட்டுக்கும் நடு வரப்புக்கும் ஆண் ஆள் 4 பேர் 700 வீதம் 2,800, டிராக்டர் 1,200, வரிசை நடவு 600, டியூப், எல்போ, புஷ், பேனா எல்லாம் சேர்த்து 1,650, ஆக 6,250. களைக் கூலியில் மிஞ்சியது 3,500. முதல் வருஷம் கையை விட்டுத்தான் போயிருக்கிறது. ஆனால் நடு வரப்பும் சாமான்களும் அடுத்த வருஷமும் இருக்கும், மறுபடி ஆவது அண்டை வெட்டுக்குப் பாதியும் நடவுக்கு 600-ம் தான்.

அடுத்த நவரைக்கு மாற்ற நினைப்பவை: ஏரித் தண்ணீரை நாற்றங்காலுக்கும் முதல் மூன்று வாரத்துக்கும் பூக்கிற சமயத்துக்கும் ஒதுக்கி வைத்துவிட்டு, நடுவில் மட்டும் போர் ஓட்ட வேண்டும், உப்பு நெல்லை அதிகம் தாக்குவது இளசிலும் பூக்கும்போதும்தான். மடை வாய் வண்டலை வருஷா வருஷம் கோடையிலேயே கூடையால் அள்ளிப் பள்ளத்தில் போட வேண்டும். கீழ்த் துண்டில் மருந்து இல்லாமல்தான் மறுபடியும் செய்யப்போகிறோம், குத்துக்கும் குத்துக்கும் 25 சென்டிமீட்டர் வைத்து, கோனோவீடரை நெடுக்காகவும் குறுக்காகவும் தள்ளிப் பார்க்க. 160 எம்.எம். பைப்பில் துண்டுக்கு ஒன்றாக இரண்டு வெட்டித் துளை போட்டாயிற்று, டியூப் லெவல் இப்போது பக்கத்துக் கழனியில் இருக்கிறது, அவர்களுக்கு வித்தியாசம் 14 சென்டிமீட்டர் வந்திருக்கிறதாம்.